ஆதியம்மாள் பங்கு வைத்த மாத்திரை

மீனவர் சங்கத்து ஆண்டு மலருக்கு என்னைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். தேவனேரிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இந்தக் கரையில் முதல் ஐஸ் பெட்டி வைத்தவன் நான். முதல் டெம்போ ஓட்டியவனும் நான்தான். பின்னாளில் அணுபுரத்துப் பெரிய பெரிய இன்ஜினியர்கள் வீட்டுச் சட்டியில் கொதித்த வஞ்சிரமெல்லாம் இந்தச் சிங்காரத்தின் வண்டியில் போனதுதான். என் கதையை எடுத்தால் மலரில் விளம்பரத்துக்குக்கூட இடம் மிஞ்சாது. அதை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். ஆதியம்மாளைப் பற்றி நான் எழுதாவிட்டால் எழுத ஆள் கிடையாது. அதனால் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

ஆதியம்மாள் எங்கள் குப்பத்தில் மீன் கூடை தூக்கியவள். எனக்கு ஒன்றுவிட்ட அக்காள் முறை. ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். செங்கல்பட்டு மார்க்கெட்டில் அவள் கூடையை இறக்கினால் பஸ் ஸ்டாண்டில் இருப்பவனுக்கு இன்றைக்கு என்ன மீன் என்று தெரிந்துவிடும். செவுளைப் பிளந்து பார்த்து முகம் சுளிக்கிற வாடிக்கையிடம், "பொண்ணு பாக்க வந்தியா, கொழம்பு வெக்க வந்தியா? ஒன் மூஞ்சிய விட அது மூஞ்சி பளபளன்னு கீது, எத்துக்கினு போ" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். நான் டெம்போ வாங்கிய பிறகு அவள் கூடை என் வண்டியில்தான் ஏறும், அவள் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காருவாள். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும் நான் வண்டி ஓட்டும் விதத்தைத் திட்டிக்கொண்டு வருவாள். இந்தக் கரையில் என்னைத் திட்டத் தைரியம் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் புருஷன் தாண்டவராயன் கட்டுமரக்காரன். எழுபத்து நாலில் அவனுக்குக் குடலில் கட்டி வந்தது. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே டாக்டர்கள் ஒரு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்த பிறகு, பாதிப் பேருக்கு ஊசி மருந்து ஏற்றுவது, பாதிப் பேருக்கு ஏற்றாமல் விடுவது, எந்தப் பக்கம் ஆட்கள் அதிக நாள் பிழைக்கிறார்கள் என்று பார்ப்பது. யாருக்கு எது என்று உறைக்குள் இருக்கிற சீட்டு சொல்லும். தாண்டவராயனுக்கு ஊசி இல்லாத சீட்டு விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த சைதாப்பேட்டைக்காரருக்கு ஊசிச் சீட்டு. தாண்டவராயன் அடுத்த வருஷம் மாசி மாதத்தில் போய்ச் சேர்ந்தான்.

"மருந்து அங்கதான் இருந்துது சிங்காரம். கண்ணாடி பீரோவுல வெச்சிகினு இருந்தாங்கோ. இவருக்கு மட்டும் ஊத்தல" என்று அவள் என் வண்டியில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அழுதுகொண்டு சொல்ல மாட்டாள். மீன் விலை சொல்கிற மாதிரி சொல்வாள். அந்தப் பேச்சு வந்தால் நான் ரோட்டையே பார்த்து ஓட்டுவேன்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் வண்டியில் ஏறக் காலைத் தூக்கினாள், கால் ஏறவில்லை. பார்த்தால் கணுக்கால் வாழைத்தண்டு மாதிரி பருத்திருக்கிறது. விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது விழுந்தபடியே நின்றது. கண்ணைச் சுற்றியும் வீக்கம்.

"இன்னாக்கா இது?"

"தெரியல. நாலு நாளா மோதரம் கழட்ட முடியல. ஓட்டு வண்டிய, மீனு நாறிப் பூடும்."

நான் வண்டியை மார்க்கெட்டுக்கு ஓட்டவில்லை. செங்கல்பட்டு ரயிலடிக்குப் பின்னால் அப்போது ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது, நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். மீன் நாறத்தான் நாறியது. எனக்கு ஆள்தான் முக்கியம், சரக்கு அப்புறம். அந்தக் குணத்தால்தான் நான் இந்த நிலைக்கு வந்தேன்.

அங்கே வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, மெட்ராஸிலிருந்து டாக்டர் நரசிம்மன் வருவார். மூத்திரக்காய், அதாவது சிறுநீரக வியாதிக்கு மட்டும் பார்ப்பவர். சின்ன வயசு, ஒல்லி, சட்டைப் பையில் எந்நேரமும் மசிக் கறை. ஆதியம்மாளின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். அது கொதித்து, வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கட்டியாகிப் போனது.

"பாத்தீங்களாம்மா? உடம்புல தங்க வேண்டிய சத்து இப்படி வெளிய போகுது. அதான் வீக்கம். விட்டா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும், உயிருக்கே ஆபத்து."

ஆதியம்மாள் குழாயையே பார்த்தாள். வீட்டில் கல்யாணம் ஆகாத பெண் மீனாட்சி இருக்கிறாள், அப்பனும் இல்லை. அவள் முகத்தில் அப்போது ஓடியதெல்லாம் அதுதான்.

டாக்டர் விளக்கினார். இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. உப்பை அடியோடு நிறுத்துவது, தண்ணீர் இறங்க ஒரு மாத்திரை சாப்பிடுவது. புது வைத்தியம் என்றால் அதோடு இன்னொரு வெள்ளை மாத்திரையும் சேரும். அது சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு வயிற்றைப் புண்ணாக்குகிறது, சர்க்கரையைக் கொண்டுவருகிறது. சேர்த்துக் கொடுப்பது நல்லதா கொடுக்காமல் விடுவது நல்லதா என்று இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதனால் சீட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள்.

"உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா சேர வேண்டாம். பழைய வைத்தியம் எப்படியும் உண்டு" என்றார்.

நான் அவள் கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். மெட்ராஸில் பட்டது போதாதா! அவள் கத்தவில்லை.

"சீட்டு யாரு எடுக்கறது?"

"நர்ஸ். உறை ஒட்டி இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது."

"அப்ப சரி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஏன் அது சரியாகப் பட்டது என்று எங்கள் கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரைவலை இழுக்க எந்த வலைக்கு எந்த இடம் என்பதை நாங்கள் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம். ஒவ்வொரு வலைக்காரனும் தன் குறி கீறின கிளிஞ்சலைப் பானையில் போடுவான். வலையே இல்லாத வீட்டு ஆள் ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். நல்ல இடம் விழுந்தவனைப் பார்த்து யாரும் பொறாமைப்படக் கூடாது, கெட்ட இடம் விழுந்தவன் முனகக் கூடாது. சண்டை இல்லாமல் கடலைப் பிரித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அந்த வழக்கம் சீட்டோடு முடிவதில்லை. மீன் பட்டவன், வெறும் வலையோடு கரையேறினவன் வீட்டுக்குக் குழம்புக்கு மீன் போட்ட பிறகுதான் தன் மீனை ஏலத்துக்கு வைப்பான். அதற்குக் கறிமீன் என்று பேர். கேட்டு வாங்குவது கிடையாது. கொடுத்ததை வெளியில் சொல்வதும் கிடையாது, சொன்னால் கேவலம். டாக்டர் நரசிம்மனுக்குத் தெரிந்தது சீட்டு மட்டும்தான்.

நர்ஸ் லதா உறையைக் கிழித்தாள். ஆதியம்மாளுக்கு வெள்ளை மாத்திரை விழுந்தது. வாரா வாரம் ஒரு தகர டப்பாவில் எண்ணிப் போட்டுக் கொடுத்தார்கள்.

அன்றைக்கே அடுத்த உறை உம்மு சல்மாவுக்குக் கிழிபட்டது. பஜாரில் கயிறும் நைலான் வலை நூலும் விற்கிற மதார் சாகிப்பின் பெண்சாதி. இருபது வயசு இருக்கும். கல்யாணமாகி வந்த சூட்டோடு வியாதி வந்து, முகம் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது. அவளுக்கு மாத்திரை இல்லாத சீட்டு. மதார் சாகிப் வெளியே என்னிடம் வந்து, "என்ன சிங்காரம் இது, லாட்டரி மாதிரி இருக்கே" என்றார். எங்கள் கரையே அவர் கடையில்தான் நூல் வாங்கும், நல்ல பழக்கம். "டாக்டருக்குத் தெரியும் பாய், கம்முனு இருங்க" என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

அப்புறம் செவ்வாய்க்கிழமை தோறும் இரண்டு பெண்களும் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேச்செல்லாம் உப்பைப் பற்றித்தான்.

"அக்கா, நேத்து மாமி ஊட்டுல பிரியாணி. எனக்கு மட்டும் தனியா உப்பில்லாம ஆக்கினாங்க. அழுகையே வந்துருச்சு."

"அழுவாத. அழுத தண்ணி வாய்ல பூந்தா அதுலயும் உப்பு கீது, டாக்டரு திட்டுவாரு."

சல்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இன்னொரு நாள் ஆதியம்மாள், "நான் கருவாட்டுக்கு உப்பு போடறவ. கையில ஒட்டனத நக்கக்கூட வழியில்ல. கடலாண்ட போனாலே மூக்கப் பொத்திக்கினு போறேன்" என்றாள். லதா நர்ஸ் உள்ளேயிருந்து, "சத்தம் போடாதீங்கம்மா" என்று அதட்டுவாள். அதட்டிவிட்டு அவளும் சிரிப்பாள்.

ஆதியம்மாளுக்கு வீக்கம் இறங்கியது. மோதிரம் கழன்றது. பழையபடி என்னைத் திட்ட ஆரம்பித்தாள், அதை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. சல்மாவுக்கு இறங்கவில்லை. ஒரு செவ்வாய் வந்தபோது செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு, மதார் சாகிப் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். அவள் குழாய் கொதித்தபோது அடி வரைக்கும் வெள்ளையாகக் கட்டிக்கொண்டது.

அன்றைக்குத்தான் ஆதியம்மாள் தன் டப்பாவைத் திறந்து, பாதி மாத்திரையை எண்ணி, சல்மாவின் கைக்குட்டை முனையில் முடிந்துகொடுத்தாள்.

"எதுக்குக்கா?"

"துன்னு. சோறு துன்னப்புறம் துன்னணும். யாராண்டயும் சொல்லாத."

அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு அது கள்ளத்தனமாகவே தோன்றவில்லை. மீன் பட்டவள் கறிமீன் போட்டாள், வெளியில் சொல்லக் கூடாது என்பதால் சொல்லவில்லை. தாண்டவராயனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இப்படிப் பங்கு வைக்க ஒருத்தர் இல்லாமல் போனாரே என்பது அவள் மனசில் இருந்திருக்கும். எனக்கே இதெல்லாம் பின்னால்தான் தெரியும். எனக்குத் தெரியாமல் என் வண்டியில் வந்தவள் செய்த காரியம் இது ஒன்றுதான்.

மழைக்காலம் வரைக்கும் இப்படி ஓடியது. சல்மாவின் வீக்கம் வடிந்து, கன்னத்தில் வேறு விதமான ஒரு உருண்டை வந்தது. குழாய் கொதித்தால் தெளிவாக நின்றது. டாக்டர் நரசிம்மனுக்கு ஒரே ஆச்சரியம். "மாத்திரையே இல்லாம இந்தப் பொண்ணு எப்படித் தேறினா பாருங்க" என்று லதாவிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். பழைய வைத்தியத்துக்கு இவ்வளவு வலுவா என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆதியம்மாளின் கால் மறுபடி பருத்தது. குழாய் மறுபடி வெள்ளையானது. லதா கேட்டாள்:

"ஆதியம்மா, மாத்திரைய ஒழுங்கா சாப்பிடறீங்களா? இல்ல மீனுக்குப் போடறீங்களா?"

"துன்னுகினுதாம்மா கீறேன்."

"அப்ப ஏன் இப்படி? இப்படியே போனா அட்மிட் பண்ணணும். அப்புறம் உங்க பொண்ணை யாரு பாப்பாங்க?"

திரும்பி வரும்போது அவள் என்னைத் திட்டவில்லை. பூஞ்சேரி கிட்ட வந்தபோது, "சிங்காரம், நான் பூட்டா மீனாட்சிய ஒன் வூட்டாண்ட வெச்சிக்குவியா?" என்றாள். "இன்னாக்கா பேச்சு இது, வாயக் கழுவு" என்று நான் அதட்டினேன். 

அடுத்த செவ்வாய் சல்மா வழக்கம்போலக் கைக்குட்டையை மடியில் விரித்து வைத்தாள். ஆதியம்மாள் டப்பாவைத் திறக்கவில்லை.

"இந்த வாட்டி இல்லம்மா சல்மா. எனக்கே பத்தல. கால் பாரு."

சல்மா கைக்குட்டையை மடித்துக்கொண்டாள். "பரவாயில்லக்கா. எனக்குத்தான் நல்லாயிடுச்சே. நீங்க சாப்பிடுங்க. இவ்ளோ நாள் குடுத்ததே பெருசு" என்று ஆதியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர் ஆதியம்மாளிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். நிறுத்தினால் உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். ஆதியம்மாள் நிறுத்தவில்லையே, அதனால் அந்தப் பேச்சு அவளுக்கு ஞாபகம் வரவில்லை. சல்மாவிடம் அதைச் சொல்ல ஆளே இல்லை. டாக்டர் கணக்குப்படி அவள் மாத்திரையே சாப்பிடாதவள்.

அதற்கடுத்த செவ்வாய் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சில் சல்மா இல்லை. ஆதியம்மாள் தன் பக்கத்தில் கூடையை வைத்து இடம் பிடித்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஜட்கா வேகமாக வந்து வாசலில் நின்றது. மதார் சாகிப் பெண்சாதியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சல்மாவின் தலை துவண்டு தொங்கியது, உதடு வெளுத்து, புடவையெல்லாம் வாந்தி.

"மூணு நாளா ஒண்ணும் தங்கல டாக்டர். காய்ச்சல் வேற. இன்னைக்குக் காலையில எழுந்து நின்னா, அப்படியே விழுந்துட்டா."

உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். லதா குளுக்கோஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினாள். வெளியே வந்தபோது அவள் முகமே சரியில்லை. "பிரஷர் ஏறவே மாட்டேங்குது. ஏன்னே புரியல. காலராவா, விஷக் காய்ச்சலா, டாக்டரும் யோசிச்சுப் பாக்கறாரு" என்று மதார் சாகிப்பிடம் சொன்னாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் ஆதியம்மாளைப் பார்த்தேன். கூடை மேல் கையை வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள்.

"இன்னாக்கா?"

"என்னாலதான் சிங்காரம். நான்தான் நிறுத்தனேன்."

அந்த இடத்தில்தான் எனக்குப் பாதிக் கதையைச் சொன்னாள். மாத்திரை கொடுத்தது, பத்தவில்லை என்று நிறுத்தியது. நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்ன பேச்சு சல்மாவின் தலை தொங்கினதைப் பார்த்ததும்தான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"சொன்னா என் டப்பாவப் புடுங்கிக்குவாங்கோ. கணக்கக் கெடுத்தவன்னு வெளிய தள்ளிடுவாங்கோ. அப்புறம் எனக்கு இன்னா கீது?" என்றாள். சொல்லிக்கொண்டே நடந்தாள். கதவு கிட்டே போய்விட்டாள்.

வாசலில் நின்ற ஆயா தடுத்தாள். "உள்ள போவக்கூடாது!" அந்தக் கதவை ஓங்கித் தள்ளித் திறந்தது நான்தான். ஐஸ் பெட்டி தூக்கிப் பழகிய கை இது. கதவு சுவரில் மோதிய சத்தத்தில் டாக்டர் திரும்பினார்.

"யாருய்யா உங்களை உள்ள விட்டது?"

"டாக்டரு, நான் சொல்றதக் கேளு" என்றாள் ஆதியம்மாள். "அவ அந்த வெள்ளை மாத்தர துன்னுகினு இருந்தா. என்னுதுல பாதி. ஆடி மாசத்துலேந்து. போன வாரம் நான் குடுக்கல."

டாக்டர் நரசிம்மன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். அப்புறம் அவளைப் பார்க்கவே இல்லை. "லதா! அந்த ஊசி! பீரோவுல மேல் தட்டு! சீக்கிரம்!" என்று கத்தினார். அவ்வளவு ஒல்லியான மனுஷனிடமிருந்து அவ்வளவு பெரிய குரல் வரும் என்று நான் நினைத்ததில்லை. அந்த மாத்திரையின் சத்தையே ஊசியாக ஏற்றினார்கள். எங்களை வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டார்கள்.

மத்தியானம் வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூடையில் இருந்த காரப்பொடி மீனெல்லாம் வெயிலில் கெட்டது, பூனைகள் வந்து சுற்றின, அவள் விரட்டவில்லை. மதார் சாகிப் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. ஆதியம்மாள் அவர் முன்னால் போய் நின்று, "பாய், என்ன நாலு அடி அடிச்சிடு" என்றாள். அவர் தலையைத் தூக்கி, "அவ நடந்து ஊட்டுக்கு வந்ததே உன்னாலதானேம்மா. உன்ன என்னன்னு அடிக்கறது? உக்காரு" என்றார்.

லதா வந்து கதவைத் திறந்தாள். "பேசறா. தண்ணி கேக்கறா" என்றாள். மதார் சாகிப் உள்ளே ஓடினார். ஆதியம்மாள் அங்கேயே தரையில் குந்திவிட்டாள்.

அதற்கப்புறம் டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். இப்போது திட்டுவார் என்று தயாராகத்தான் இருந்தேன், திட்டவும் திட்டினார்.

"உங்களுக்கு என்ன துணிச்சல்! அந்தப் பொண்ணு செத்திருக்கும் தெரியுமா? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"அவளுக்கு வெறும் வலை டாக்டரு. எனக்கு மீன் பட்டுது. குடுக்காம எப்பிடித் துன்றது?"

அவருக்குப் புரியவில்லை. பானையையும் கிளிஞ்சலையும் கறிமீனையும் நான்தான் விளக்கினேன். நான் விளக்கினால் கல்லுக்கும் புரியும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அம்மா, மீன் பட்டதுன்னு உங்களுக்கு யார் சொன்னது? அது மீனா பாம்பான்னு தெரியாமத்தான நான் சீட்டே போட்டேன்? தெரிஞ்சிருந்தா எல்லாருக்கும் குடுத்திருக்க மாட்டேனா?"

ஆதியம்மாள், "மெட்ராஸ்லயும் அப்பிடித்தான் சொன்னாங்கோ. என் வூட்டுக்காரருக்கு ஊசி போடாம வுட்டுட்டாங்கோ" என்றாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம் என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். அந்த ஆராய்ச்சி செய்தவர்களில் ஒருத்தர் அவருக்குப் படிக்கும்போது சீனியராம், அவருக்கு டிரங்க் கால் போட்டு அந்த வார்டில் இருந்தவர்களைப் பற்றியெல்லாம் விசாரித்தார்.

"அது முடிஞ்சு கணக்குப் பாத்தாச்சும்மா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வந்திருக்கு. ஊசி போட்டவங்களும் அவ்வளவு நாள்தான், போடாதவங்களும் அவ்வளவு நாள்தான். ஊசி போட்டவங்க வாந்தியும் முடி கொட்டறதுமா கூடுதலாக் கஷ்டப்பட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்குக் கிடைக்க வேண்டியதை யாரும் மறைச்சு வைக்கல."

"அந்த சைதாப்பேட்டைக்காரரு?"

"அவரும் இல்லம்மா."

அவள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் செத்தபோதுகூட நான் பார்க்காத அழுகையை அன்றைக்குப் பார்த்தேன். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டப்பாவை அவர் பிடுங்கவில்லை. அவள் இரண்டு கையாலும் அதை மேஜை மேல் வைத்தாள், அவர் திருப்பி அவள் பக்கமே தள்ளினார். "சீட்டு எங்க விழுந்துச்சோ அங்கயே வச்சுத்தான் உங்களை எண்ணுவேன், அதான் எங்க முறை. உங்க மாத்திரைய முழுசா நீங்க சாப்பிடுங்க. சல்மாவுக்கு இனிமே நானே தனியாக் குடுக்கறேன், கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தணும்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து மாத்திரைக்காரர்களுக்குச் செவ்வாய், மற்றவர்களுக்கு வியாழன் என்று பிரித்துவிட்டார். ஆதியம்மாள் சும்மா இருப்பாளா? வியாழக்கிழமையும் என் வண்டியில் ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாள், மதார் சாகிப் வீட்டுத் தெருவில் மீன் விற்பாள். சல்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் வாசலுக்கு வந்து பேரம் பேசுவாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றுகிற மாதிரி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

இரண்டு பேரையும் மெட்ராஸுக்கு அனுப்பி, முதுகு வழியாக ஊசி விட்டு மூத்திரக்காயில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ஆராய்ச்சி முடிய எழுபத்தெட்டு ஆகிவிட்டது. ஒரு நாள் டாக்டர் நரசிம்மனே எங்கள் குப்பத்துக்கு வந்தார். நான்தான் கூட்டிவந்தேன், என் டெம்போவின் முன் சீட்டில் உட்கார்ந்து மணலில் இறங்கின முதல் டாக்டர் அவர்தான். ஆதியம்மாள் படகு நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். கால் அப்போதும் கொஞ்சம் பருமன்தான்.

"ஆதியம்மா, கணக்குப் பாத்து முடிச்சோம். இந்த வியாதியில ரெண்டு மூணு ஜாதி இருக்கு. ஒரு ஜாதிக்கு மாத்திரை நல்லாக் கேக்குது. சல்மாவுக்கு அந்த ஜாதி. நீங்க குடுத்த பாதியே அவளுக்குப் போதுமானதா இருந்திருக்கு."

"எனக்கு?"

டாக்டர் மணலைப் பார்த்தார். "உங்களுது வேற ஜாதி. அதுக்கு மாத்திரை பெருசா ஒண்ணும் செய்யல. உங்களுக்கு முதல்ல வீக்கம் இறங்கினது உப்பை நிறுத்தினதாலயும் தண்ணி மாத்திரையாலயும்தான். அப்புறம் ஏறினதும் வியாதியோட குணம், நீங்க பங்கு வச்சதால இல்ல. வெள்ளை மாத்திரைய இனிமே மெதுவாக் குறைச்சு நிறுத்திடலாம்."

அவள் கையிலிருந்த கருவாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்தான் பொறுக்காமல், "அப்ப சீட்டு தப்பா விழுந்திருக்கு டாக்டரு!" என்றேன்.

"தப்பாத்தான் விழுந்துது. இவங்க கைமாத்திவிட்டாங்க. அதை நான் நல்லதுன்னு சொல்ல மாட்டேன் சிங்காரம். அந்தப் பொண்ணு போய்ட்டிருப்பா. இன்னும் நாலு பேர் இப்படி மறைச்சு மாத்திக்கிட்டிருந்தா, எந்த ஜாதிக்குக் கேக்கும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. இனிமே வர்ற சல்மாக்களுக்கு நான் தைரியமாக் குடுக்கலாம். அது நீங்கெல்லாம் சீட்டு எடுத்ததாலதான்."

"என் மாதிரி வர்றவளுக்கு?" என்றாள் ஆதியம்மாள்.

"அவங்களுக்கு இதைக் குடுத்து வயித்தைப் புண்ணாக்க மாட்டேன். வேற வழி தேடணும். இப்ப இல்ல."

"எனக்கு எத்தன வருசம் டாக்டரு?"

"தெரியலம்மா. உப்பு இல்லாம, தண்ணி மாத்திரையோட, நல்லாவே ஓட்டலாம். எத்தனைன்னு தெரியல."

ஆதியம்மாள் கருவாட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சல்மா மாசமா கீறா. போன வியாழக்கெழம சொன்னா. அத்தக் கேட்டியா நீ?" என்றாள்.

டாக்டருக்கு அது தெரியாது. "அப்படியா! அப்ப அவ மாத்திரை சுத்தமா நின்னு எத்தனை மாசமாச்சுன்னு பாக்கணும். நாளைக்கே வரச் சொல்லுங்க" என்று பரபரத்தார்.

"நானே கூட்டியாறேன்" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "டேய், வண்டிய எட்டு மணிக்கு எடு. நேத்து மாதிரி பத்து மணிக்கு வந்து பல்லக் காட்டிகினு நிக்காத."